பங்குக் கிணறும் பல செயலிக் கணிப்பொறியும்



கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்குப் பங்குக் கிணறு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பாறையைப் பிளந்து வெட்டிய ஆழமான கிணறு ஒன்று. அதில் உரிமை உடைய பங்காளிகள் மூவர் அல்லது நால்வர். இன்னார்க்கு இன்ன நாளில் இத்தனை நாழிகை என்று முறை வகுத்துக்கொண்டு, கவலை ஏற்றித் தண்ணீர் இறைத்த காலம் ஒன்று இருந்தது. மின்மோட்டார் வந்த பின்பும் முறை மாறவில்லை. ஒருவர் முறையில் மற்றவர் மடையைத் திறந்துவிட்டால் அன்றைக்கு ஊரில் பஞ்சாயத்துதான். கிணறு ஒன்று, கை பல. பயிர் வாடாமலும் இருக்க வேண்டும், உறவு முறியாமலும் இருக்க வேண்டும். இந்தச் சிக்கலுக்கு நம் முன்னோர் கண்ட தீர்வு முறை வைத்தல்.

ஒரே நினைவகத்தைப் பல செயலிகள் பங்கிட்டுக்கொள்ளும் கணிப்பொறியின் வரலாறு இந்தக் கிணற்றுக் கதையினின்றும் வெகு தொலைவில் இல்லை. அந்த வரலாற்றையே இன்று கூற முற்படுகின்றேன். அதில் கோயம்புத்தூருக்கும் ஒரு பங்கு உண்டு. அது பெருமைக்கு மட்டுமன்றி ஆராய்ச்சிக்கும் உரிய பங்கு என்பது என் கருத்து.

முதலில் சிக்கலைத் தெளிவாக்கிக்கொள்வோம். கணிப்பொறியில் கணக்கைச் செய்யும் உறுப்புக்குச் செயலி என்று பெயர். கணக்குக்கு வேண்டிய எண்களும், கணக்கின் கட்டளைகளும் தங்கியிருக்கும் இடம் நினைவகம். இவ்விரண்டையும், திரை, தட்டு, அச்சுப்பொறி முதலியவற்றையும் மேற்பார்வையிட்டு, எந்த வேலையை எப்பொழுது எந்தச் செயலியிடம் ஒப்படைப்பது என்று தீர்மானிக்கும் மேலாளரே இயங்குதளம். ஒரே செயலி உள்ள இடத்தில் மேலாளரின் வேலை எளிது. இரண்டு செயலிகள் வந்துவிட்டாலோ, மேலாளரே இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் நிற்பவன் ஆகின்றான். அவன் வலக்கை எழுதுவதை இடக்கை அறியாத நிலை அப்பொழுதுதான் தோன்றுகின்றது.

ஓர் எடுத்துக்காட்டு. நினைவகத்தில் ஓரிடத்தில் 7 என்ற எண் இருக்கின்றது. முதற் செயலி அதைப் படித்து, ஒன்று கூட்டி, 8 என்று எழுதப் போகின்றது. அது எழுதுவதற்குள் இரண்டாம் செயலியும் அதே 7-ஐப் படித்துவிடுகின்றது. அதுவும் ஒன்று கூட்டி 8 என்றே எழுதுகின்றது. இரண்டு முறை கூட்டியும் விடை 9 ஆகவில்லை. எந்தச் செயலியிலும் பழுது இல்லை. எந்தக் கட்டளையிலும் தவறு இல்லை. ஆயினும் கணக்குப் பிழைத்தது. இத்தகைய பிழை நூறு முறை இயக்கினால் ஒருமுறை தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். தேடினால் ஒளிந்துகொள்ளும் பிழையைவிடப் பொறியாளருக்குக் கொடிய பகை வேறில்லை.

இதன் பொருட்டு ஏற்பட்டதே பூட்டு. ஓரிடத்தை மாற்ற விரும்பும் செயலி முதலில் பூட்டைப் பெற வேண்டும். வேலை முடிந்ததும் விட்டுவிட வேண்டும். பூட்டு வேறொருவரிடம் இருந்தால் காத்திருக்க வேண்டும். நெதர்லாந்து நாட்டுக் கணித அறிஞர் டைக்ஸ்திரா 1965 ஆம் ஆண்டில் இந்தப் பொருள் பற்றி எழுதிய சிறு கட்டுரை இத்துறையின் அடிக்கல்லாகக் கருதப்படுகின்றது. அவர் வகுத்த கருவிக்கு ‘செமாஃபோர்’ என்று பெயர். அச்சொல்லை நம் ஊர்களில் ‘கைகாட்டி’ என்று சொல்வோம். ரயில் பாதை ஓரத்தில் கையை உயர்த்தியும் தாழ்த்தியும் நின்ற அதே கைகாட்டிதான். ஒற்றைத் தடத்தில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடக் கூடாது என்பதற்கு ரயில்வேயார் கண்ட வழியைக் கணிப்பொறிக்குள் கொண்டுபோய் வைத்தார் அவர். கோவைக்கு அருகே போத்தனூரில் ரயில்வேயின் சமிக்ஞைக் கருவிப் பணிமனை நெடுங்காலமாக இருந்து வருவதை நினைக்கும்போது, நம் மாணவர்களுக்கு இக்கருத்து அயலானதன்று என்றே எனக்குத் தோன்றும்.

பல செயலிகள் ஒரு நினைவகத்தைப் பங்கிடும் கணிப்பொறி இதற்கு முன்பே பிறந்துவிட்டது. அமெரிக்காவில் பரோஸ் என்னும் நிறுவனம் 1962 இல் படைத்துறைக்காக அமைத்த டி825 என்ற பொறியில் நான்கு செயலிகள் வரை பூட்டலாம். ஒன்று பழுதுற்றாலும் மற்றவை வேலையைத் தொடர வேண்டும் என்பதே அங்கு முதல் நோக்கம். வேகம் பின்னர் வந்த ஆசை. அந்த ஆசைக்கு 1967 இல் ஓர் எல்லை கட்டினார் ஜீன் ஆம்டால். விருந்துச் சமையலை எண்ணிப் பாருங்கள். காய் நறுக்கப் பத்துப் பேரை அமர்த்தினால் நறுக்கும் நேரம் பத்தில் ஒன்றாகக் குறையும். ஆனால் உலை கொதிக்கும் நேரம் குறையுமா? வேலையில் பத்தில் ஒரு பங்கு ஒருவரே செய்தாக வேண்டியது என்றால், ஆயிரம் செயலிகளைப் பூட்டினாலும் பத்து மடங்குக்கு மேல் வேகம் கிடைக்காது. இது ஆம்டால் விதி எனப்படும். இதை மறந்து பேசுகின்ற விளம்பரங்கள் இன்றும் வருகின்றன.

இனி இயங்குதளத்துக்கு வருவோம். யூனிக்ஸ் என்னும் இயங்குதளம் 1969 இல் பெல் ஆய்வகத்தில் ஒற்றைச் செயலிக்காகப் பிறந்தது. அதை இரண்டு செயலிகளுக்கு இணக்க முயன்றவர்கள் முதலில் கையாண்ட முறை எஜமான்–பணியாள் முறை. இயங்குதளம் ஒரு செயலியில் மட்டும் ஓடும். மற்றது வெறும் கணக்கைச் செய்யும். மேலாளரிடம் ஏதேனும் கேட்க வேண்டுமானால் எஜமான் செயலியிடம் போய் நிற்க வேண்டும். 1981 இல் அமெரிக்காவின் பர்தூ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கோபிள் என்பவர் தம் தோழருடன் இரண்டு வாக்ஸ் செயலிகளை இணைத்து இவ்வகையில்தான் யூனிக்ஸை ஓட்டினார். கிணற்றுக் கணக்கில் சொன்னால், கிணற்றுக்கு ஒரே ஒரு பூட்டு. சாவி மூத்த பங்காளியின் மடியில். சண்டை வராது. ஆனால் தண்ணீர் வேண்டுவோர் அவர் வீட்டு வாசலில் வரிசையில் நிற்பர். செயலிகள் இரண்டாக இருக்கும்வரை இது பொறுத்துக்கொள்ளத்தக்கது. நான்கு, எட்டு என்று பெருகினால் வரிசைதான் நீளுமே தவிர விளைச்சல் கூடாது.

இதற்கு மாற்று, பூட்டைப் பொடிப்பொடியாகப் பிரிப்பது. கிணற்றுக்கு ஒரு பூட்டு என்பதை விட்டு, ஒவ்வொரு மடைக்கும் ஒரு பூட்டு. கோப்புகளுக்கு ஒன்று, நினைவகப் பங்கீட்டுக்கு ஒன்று, வேலை வரிசைக்கு ஒன்று என்று நூற்றுக்கணக்கில் அமைத்தால், வெவ்வேறு மடையை நாடுவோர் ஒருவரை ஒருவர் தடுக்கமாட்டார்கள். இதற்கு நுண்பூட்டு முறை என்று பெயரிடுவோம். சொல்வது எளிது, செய்வது கடினம். இரண்டு பூட்டுகள் வேண்டிய வேலையில் ஒருவர் முதற்பூட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்கும், மற்றவர் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு முதலாவதற்கும் காத்திருந்தால் இருவரும் ஊழிக்காலம் வரை நிற்க வேண்டியதுதான். ஆகையால் இயங்குதளம் முழுவதையும் வரி வரியாகப் படித்து, எந்த வரி எந்தப் பொதுப்பொருளைத் தொடுகின்றது, எந்த வரிசையில் பூட்டுகளைப் பெற வேண்டும் என்று ஆராய்ந்தாலன்றி இது கைகூடாது. அமெரிக்காவில் சீக்வெண்ட் என்ற நிறுவனம் 1984 முதல் இத்தகைய பொறிகளைச் செய்து விற்றது.

இவ்விடத்தில் நம் கோவையின் பெயர் வருகின்றது.

1951 இல் பீளமேட்டில் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. அதன் முதல் முதல்வர் ஜி. ஆர். தாமோதரன். தமிழில் விஞ்ஞானம் எழுத வேண்டும் என்னும் ஆர்வத்தால் ‘கலைக்கதிர்’ இதழை நடத்தியவரும் அவரே. அக்கல்லூரிக்குப் பக்கத்திலேயே வார்ப்பும் கடைசலும் நடக்கும் தொழிற்பயிலகம் இருந்தது. நூலில் படித்த மோட்டாரை அடுத்த கட்டடத்தில் கையால் தொட்டுப் பார்க்கலாம். 1937 இல் ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரமும் இந்தியாவின் முதல் மின்மோட்டாரைக் கோவையிலேயே செய்து காட்டிய மரபின் தொடர்ச்சி அது. வெளிநாட்டிலிருந்து வரும் பொறியைப் பார்த்தவுடன் ‘இதை இங்கே செய்ய முடியாதா?’ என்று கேட்பது கோவைக்காரரின் வழக்கம். கேலியாகச் சொல்வோரும் உண்டு; நான் அதை ஒரு கல்வி முறையாகவே கருதுகின்றேன்.

அக்கல்லூரியில் மின்பொறியியல் பயின்று வெளியேறியவர்களுள் ஒருவர், திருச்செந்தூருக்கு அருகே மூலைப்பொழி என்னும் சிற்றூரில் 1945 இல் பிறந்த சிவ நாடார். 1967 இல் புணே நகரில் வேலைக்குச் சேர்ந்த அவர், பின்னர் டெல்லியில் டி.சி.எம். நிறுவனத்தில் பணிபுரிந்து, 1976 இல் தம் தோழர் சிலருடன் விலகி எச்.சி.எல். நிறுவனத்தைத் தொடங்கினார். 1978 இல் ‘8சி’ என்னும் சிறு கணிப்பொறியை அந்நிறுவனம் வெளியிட்டது. அதே ஆண்டில்தான் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. வெளிநாட்டுப் பொறிகளின் இறக்குமதிக்கு உரிமமும் தீர்வையும் பெரும் தடையாக இருந்த காலம் அது. தடை என்பது தீமையே ஆயினும், அத்தடையின் நிழலில் நம் இளைஞர்கள் பலர் சில்லுகளை வரவழைத்துப் பலகைகளைத் தாமே வரைந்து, இயங்குதளத்தின் உள்ளே புகுந்து திருத்தக் கற்றனர் என்பதும் மறுக்க முடியாத செய்தி.

1980களின் பிற்பகுதியில் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் யூனிக்ஸ் பொறிகள் பரவின. ஒரு பொறியில் பல முனையங்களை இணைத்து, ஒரே நேரத்தில் பலர் அமர்ந்து பேரேடு எழுதுவார்கள். முனையங்கள் பெருகப் பெருக ஒற்றைச் செயலி திணறியது. பெரிய செயலி வாங்குவதென்றால் அயல்நாட்டுச் செலாவணி வேண்டும். சிறிய செயலிகள் சிலவற்றை ஒருங்கே பூட்டினால் என்ன என்ற வினா அங்குதான் எழுந்தது. 1988 இல் நுண்பூட்டு முறையிலான பல செயலி யூனிக்ஸைத் தான் வெளியிட்டதாக எச்.சி.எல். தன் வரலாற்றில் பதிவு செய்துள்ளது; சன், ஹியூலட் பக்கார்டு ஆகிய அமெரிக்க நிறுவனங்களுக்கு மூன்றாண்டு முந்தியது என்றும் கூறுகின்றது.

இக்கூற்றை எவ்வாறு ஏற்பது? நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்வதை வரலாற்று மாணவன் அப்படியே விழுங்கிவிடலாகாது. எள்ளி ஒதுக்கவும் ஆகாது. உலகில் முதன்மை என்று இதைக் கொள்ள முடியாது, சீக்வெண்ட் முந்திவிட்டது. பர்தூவின் முயற்சி அதற்கும் முந்தியது. ஆனால் சன் நிறுவனம் பல செயலிகளை உண்மையாகப் பயன்படுத்தும் சோலாரிஸை 1992 அளவில்தான் கொணர்ந்தது என்பதை நோக்கினால், அந்நிறுவனத்தை ஒப்பிட்டுச் சொன்னது வெறும் வீறாப்பு அன்று என்பது விளங்கும். 1991 இல் ஹியூலட் பக்கார்டு எச்.சி.எல். உடன் கூட்டு நிறுவனம் அமைத்தது. அந்நிறுவனத்திற்கான பல செயலி யூனிக்ஸ் பணி இந்தியாவில் நடைபெற்றது. அறியாதவரிடம் யாரும் இத்தகைய வேலையை ஒப்படைப்பதில்லை. என்னைப் பொறுத்தவரையில் இதுவே வலுவான சான்று.

எனினும் ஒன்று என் மனத்தை உறுத்துகின்றது. அந்த 1988 ஆம் ஆண்டு யூனிக்ஸின் ஒரு வரியைக்கூட இன்றைய மாணவன் எடுத்துப் படிக்க இயலாது. யூனிக்ஸின் மூலம் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் உரிமைப் பொருள். அதன்மேல் நம்மவர் எழுதியது விற்பனைப் பண்டம். பொறி பழையதானதும் அதனுடன் எழுத்தும் மறைந்தது. எழுதிய பொறியாளர்களின் பெயர்களும் பொதுமக்கள் அறியும் வண்ணம் பதியப்படவில்லை. கோயில் கட்டிய மன்னன் பெயர் கல்வெட்டில் இருக்கும், கல் செதுக்கிய தச்சன் பெயர் இராது என்று வருந்துவோமே, அதே கதைதான் நம் கண்ணெதிரே நிகழ்ந்துள்ளது.

இதே ஆண்டுகளில் வேறு வழியில் சென்றவர்களும் இருந்தனர். பெங்களூரில் தேசிய வானூர்தி ஆய்வகத்தார் 1986 இல் நான்கு சில்லுகளை இணைத்து ‘ஃபுளோசால்வர்’ என்ற இணைப்பொறியை அமைத்தனர். விமானத்தைச் சுற்றிக் காற்று ஓடும் கணக்குகளுக்காக. அமெரிக்காவின் உயர்வேகக் கணிப்பொறிகளை வாங்குவதில் கட்டுப்பாடுகள் இறுகியபோது, 1988 இல் புணேயில் சி-டாக் என்னும் மத்திய அரசு நிறுவனம் விஜய் பட்கரின் தலைமையில் தொடங்கப்பெற்று, 1991 இல் ‘பரம் 8000’ வெளிவந்தது. அதில் பங்குக் கிணறு இல்லை. டிரான்ஸ்பியூட்டர் என்னும் சில்லு ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கிணறு. வேண்டும்போது ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும். பூட்டுச் சண்டை அங்கே குறைவு. ஆனால் கணக்கைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் பாரம் முழுவதும் கணக்கு எழுதுபவன் தலையில் விழும். பரம் பற்றிப் பலரும் எழுதியிருக்கின்றனர்; ஆகவே நான் விரித்துரைக்கவில்லை.

இனி மேசைக் கணிப்பொறிக்கு இறங்கி வருவோம். 1993 இல் வெளியான விண்டோஸ் என்.டி. இரண்டு செயலிகளை ஏற்கும். வீடுகளுக்கென வந்த விண்டோஸ் 95, 98 ஆகியவை ஒன்றை மட்டுமே ஏற்கும். இரண்டாவது செயலி பலகையில் இருந்தும் இல்லாததே. 1994 இல் இன்டெல் நிறுவனம் பல செயலிப் பலகைகளுக்கு ஒரு பொது இலக்கணம் வகுத்தது. இலக்கணம் வந்த பின் இயங்குதளம் எழுதுவோர்க்கு வழி திறந்தது. பின்லாந்தின் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 இல் தொடங்கிய லினக்ஸில், பல செயலி ஏற்பாட்டை எழுதியவர் வேல்ஸ் நாட்டில் வாழ்ந்த ஆலன் காக்ஸ். 1996 ஜூனில் வெளியான 2.0 பதிப்பில் அது சேர்ந்தது. அங்கும் முதலில் ஒரே பெரும்பூட்டுதான்! செயலிகளுள் எது இயங்குதளத்தின் உட்கருவுக்குள் நுழைந்தாலும் அப்பெரும்பூட்டைப் பெற வேண்டும். பழைய மூத்த பங்காளியே வேறு வேடத்தில் வந்து அமர்ந்துகொண்டான்.

1999 இல் ஏபிட் என்ற தைவான் நிறுவனம் பிபி6 என்னும் பலகையை வெளியிட்டது. விலை மலிந்த செலரான் செயலிகள் இரண்டை அதில் பொருத்தலாம். இரட்டைச் செயலி என்பது அதுவரை பெரிய நிறுவனங்களின் சேவையகங்களுக்கு உரிய ஆடம்பரம். செலரான் சில்லு அதற்கென்று விற்கப்பட்டதும் அன்று. சில்லின் இணைப்பு ஊசிகளை ஆராய்ந்த ஆர்வலர் சிலர், இரண்டை இணைப்பதற்கான வழி அதற்குள்ளேயே இருப்பதைக் கண்டுபிடித்து வெளியிட்டிருந்தனர். அதன்பின் உலகெங்கும் மாணவர்கள் அறைகளில் இரட்டைச் செயலிப் பொறிகள் தோன்றலாயின.

2001 ஆம் ஆண்டில் கோவையில் நான் பாடம் நடத்திய கல்லூரியிலும் மாணவர் சிலரும் நானும் அவ்வகைப் பொறி ஒன்றைப் பொருத்தினோம். இரண்டு செயலிகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல ஒத்திருக்க வேண்டும். வேகம் மாறுபட்டால் பலகை ஏற்காது. இரண்டுக்கும் வெப்பம் போக்கும் விசிறி வேண்டும். கோவையின் குளிர்ச்சியை ஊரார் புகழ்ந்தாலும் சித்திரை மாதம் சித்திரை மாதம்தான். அக்காலத்தில் லினக்ஸின் உட்கருவே இரண்டு வகையாகக் கிடைத்தது; ஒற்றைச் செயலிக்கு ஒன்று, பல செயலிக்கு மற்றொன்று. பூட்டுகளைப் பெறுவதும் விடுவதும் ஒற்றைச் செயலிக்கு வீண் சுமை என்பதால் அப்பிரிவினை. நாங்கள் மூலத்தைப் பெற்று, பல செயலி என்ற தெரிவைக் குறித்து, உட்கருவை நாங்களே தொகுத்தோம். பொறியைத் திருப்பி எழுப்பியபோது, திரையின் மேல்மூலையில் லினக்ஸின் சின்னமான பென்குவின் பறவை ஒன்றன்று, இரண்டு தோன்றின. செயலிக்கு ஒரு பறவை என்பது அதனை எழுதியோரின் குறும்பு. மாணவர்கள் கைதட்டினர்.

பின்னர் ஒரு சோதனை. உட்கரு தொகுக்கும் அதே வேலையை முதலில் ஒரு செயலியிலும் பிறகு இரண்டிலும் செய்து நேரம் குறித்தோம். இரண்டில் செய்தபோது நேரம் சரிபாதியாகவில்லை. பாதியைவிடச் சற்று மிகுந்தது. ‘மீதி எங்கே போயிற்று, ஐயா?’ என்று ஒரு மாணவி கேட்டார். ஆம்டாலையும், பெரும்பூட்டையும், செயலியின் பக்கத்துச் சிறுநினைவகத்தையும் பற்றிப் பேச அந்த ஒரு கேள்வி போதுமானதாயிற்று.

சிறுநினைவகம் பற்றி ஒரு சொல். பொது நினைவகத்துக்குச் சென்று வருவது செயலிக்கு நெடும்பயணம். ஆகவே ஒவ்வொரு செயலியும் அடிக்கடி வேண்டியதைத் தன் சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளும். ஒருவர் தம் குறிப்பேட்டில் ஓர் எண்ணை மாற்றினால் மற்றவர் குறிப்பேட்டிலுள்ள அதே எண் பொய்யாகிவிடுமே? அதை அடித்துவிடச் சொல்லிச் செய்தி அனுப்ப வேண்டும். இதற்கு இன்றும் பெரிதும் பின்பற்றப்படும் ஒழுங்குமுறையை 1984 இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பாப்பமார்க்கோஸ், ஜனக் படேல் என்னும் இருவர் வகுத்தனர். படேல் இந்தியாவிலிருந்து சென்றவர். இச்செய்திகள் போவதற்கும் வருவதற்கும் நேரம் ஆகின்றது அல்லவா? மாணவி கேட்ட மீதியில் ஒரு பகுதி அங்கே போயிற்று.

மலிந்த சந்தைப் பொருள்களைக் கோத்துப் பெரிய பொறி அமைக்கும் வழியை 1994 இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் தாமஸ் ஸ்டெர்லிங், டொனால்ட் பெக்கர் இருவரும் காட்டியிருந்தனர். பதினாறு சாதாரணக் கணிப்பொறிகளை வலைக்கம்பியால் இணைத்து, லினக்ஸில் ஓட்டி, ‘பியோவுல்ஃப்’ என்று பெயரிட்டனர். தமிழ்நாட்டில் இவ்வழியின் சிறந்த சான்று சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் 2004 இல் எழுந்த ‘கப்ரு’. இமயச் சிகரம் ஒன்றின் பெயர் அது. 144 பொறிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு ஜியான் செயலிகள், ஆக 288. பொறிக்குள் இரு செயலிகளுக்கும் பங்குக் கிணறு. பொறிக்கும் பொறிக்கும் இடையே செய்தி அனுப்பும் விரைவுக் கம்பிகள். இரண்டு முறைகளும் ஒரே இடத்தில் இணைந்தன. அணுக்கருவின் உள்ளே உள்ள துகள்களைப் பற்றிய கோட்பாட்டுக் கணக்குகளுக்காக அமைந்த அப்பொறி, நொடிக்கு ஏறத்தாழ லட்சம் கோடிக் கணக்குகளைச் செய்து, அவ்வாண்டு ஜூன் மாதத்து உலகின் ஐந்நூறு வேகப் பொறிகளின் பட்டியலில் இடம் பெற்றது. பெரிய நிறுவனத்திடம் விலைக்கு வாங்கிய மாயப்பெட்டி அன்று அது. கடையில் கிடைக்கும் பலகையும் செயலியும் கொண்டு, எவரும் படிக்கக்கூடிய இயங்குதளத்தில் ஓடியது என்பதே என் போன்ற ஆசிரியர்க்கு அதில் உள்ள சுவை.

அவ்வாண்டிலேயே மற்றொரு திருப்பம் நேர்ந்தது. அதுவரை செயலியின் வேகத்தை ஆண்டுதோறும் ஏற்றிக்கொண்டே வந்தனர். வேகம் ஏற ஏற வெப்பமும் ஏறிற்று, சில்லு அடுப்பாயிற்று. 2004 மே மாதத்தில் இன்டெல் நிறுவனம், மேலும் வேகமாக ஓட வேண்டிய ‘தேஜஸ்’ என்னும் சில்லுத் திட்டத்தைக் கைவிட்டது. ஒரு காளையை இன்னும் விரட்ட முடியாது. இரண்டு காளைகளைப் பூட்டு என்பதே அதன் பொருள். 2005 இல் இன்டெல், ஏ.எம்.டி. இரண்டும் ஒரே சில்லில் இரண்டு செயலிகள் கொண்டவற்றை மேசைக் கணிப்பொறிகளுக்கு விற்கத் தொடங்கின. ஆர்வலர் விளையாட்டாகவும், வங்கி தேவையாகவும், விஞ்ஞானி ஆராய்ச்சியாகவும் கையாண்ட பொருள், அன்றுமுதல் கடைக்குச் சென்று கணிப்பொறி வாங்கும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வந்தது. பூட்டு, முறை, மடை என்னும் பழைய சிக்கல்களும் கூடவே வந்தன.

அப்பொழுது லினக்ஸின் நிலை யாது? பெரும்பூட்டைச் சிறுகச் சிறுகப் பிரித்துக்கொண்டிருந்தனர். 2002 இல் ‘ஆர்.சி.யு.’ என்னும் புதுமுறை சேர்ந்தது. படிப்பவர் பலர், மாற்றுபவர் அரியர் என்னும் இடங்களுக்கு அது உரியது. முறைப்பட்டியல் ஒன்று சுவரில் ஒட்டியிருக்கின்றது என்று கொள்வோம். பட்டியலைத் திருத்த வேண்டியவர், படித்துக்கொண்டிருப்பவர்களை விலகச் சொல்லாமல், வீட்டில் புதுப்பிரதி ஒன்றை எழுதி வந்து அதன் இடத்தில் ஒட்டுவார். பழைய தாளைப் படித்துக்கொண்டிருப்பவர் எல்லோரும் முடித்துச் சென்ற பின்பே அதைக் கிழிப்பார். படிப்பவர்க்குப் பூட்டே தேவையில்லை. சீக்வெண்டில் பணிபுரிந்த பால் மெக்கென்னி இம்முறையை வளர்த்தவர். அதை லினக்ஸில் கொண்டுவந்து சேர்த்ததில் முதன்மையான பங்கு பெங்களூரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் லினக்ஸ் பிரிவில் பணியாற்றிய தீபங்கர் சர்மாவுக்கு உண்டு. அவர் எழுதிய வரிகளை அவர் பெயருடனும் நாளுடனும் எந்த மாணவரும் இன்று எடுத்துப் படிக்கலாம். 1988 இல் எழுதிய நம்மவர்க்கு வாய்க்காத பேறு இது.

பெரும்பூட்டு முற்றிலும் நீங்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. எஞ்சிய இடங்களை ஒவ்வொன்றாகத் தேடி அகற்றும் வேலையை ஆர்ண்ட் பெர்க்மன் என்ற ஜெர்மானியப் பொறியாளர் முன்னின்று நடத்தினார். பழைய வன்பொருள்களுக்கான எழுத்து எங்கோ ஒரு மூலையில் அப்பூட்டை நம்பிக்கொண்டு கிடக்கும்; அதைத் தொட்டால் எது உடையும் என்று எவருக்கும் தெரியாது; தொடாமலும் விட முடியாது. 2011 மே மாதத்தில் வெளியான 2.6.39 ஆம் பதிப்பில் அவ்வேலை முடிவுற்றது. பெரும்பூட்டு எழுதப்பட்டிருந்த கோப்பு லினக்ஸின் மூலத்திலிருந்து நீக்கப்பட்டது.